அசையாத வாலைக் காட்டிய டெய்சி அக்கா

மலைமேல் ஒண்டிக்கடை முக்கில் காய் வாங்கிக்கொண்டிருந்தபோது, "லேப் டெய்சி தவறிட்டாங்களாமுங்க" என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. ஊரார் உடம்பில் உள்ளதையெல்லாம் மைக்ராஸ்கோப்பில் வைத்து அவரவருக்கே காட்டிய மனுஷி, தன் வியாதியைப் பற்றி மட்டும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அவரிடம் பரிசோதனைக்குப் போனவர்களுக்கு அந்தப் பாடு தெரியும். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு போன என்னை உட்கார வைத்து, ஏரித் தண்ணீர்த் துளியில் ஏதோ ஒரு நுண்ணுயிர் நீந்துவதைப் பார்க்கச் சொன்னார். "ஒடம்பு பூரா முடி, அத்தனையும் எப்பிடித் துடுப்புப் போடுது பாரு கண்ணு!" எனக்கோ தலை வெடித்தது. ரத்தம் கொடுக்க வந்தவளுக்கு ஏரியைக் காட்டுகிறாரே என்று பல்லைக் கடித்தேன்.

பிள்ளை இல்லையென்று என் மாமியார் தன் மகனுக்கு மலையடிவாரத்தில் வேறு பெண் பார்த்துவிட்டு வந்த சமயம் அது. எனக்குக் குறையில்லை என்று டாக்டர் சொன்னதை வீட்டில் யாரும் காதில் வாங்கவில்லை. கெஞ்சிக் கூத்தாடி என் வீட்டுக்காரரை எங்கள் ஊரான வெள்ளக்கடையிலிருந்து லேபுக்குக் கூட்டி வந்தேன். விந்துவைப் பரிசோதனைக்குக் கொடுத்த கையோடு அவர் டீக்கடைக்கு நழுவிவிட்டார். அக்காவோ ரிப்போர்ட்டை என்னிடம் தரவில்லை.

"எழுதிக் குடுத்துருங்கக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"எழுதிக் குடுத்தா மடிச்சுப் பாக்கெட்டுல போட்டுக்குவாரு. அவரையே வந்து பாக்கச் சொல்லு கண்ணு."

என் பிழைப்பே அந்தரத்தில் தொங்குகிறது, இவருக்குக் கண்காட்சி! தலையில் அடித்துக்கொண்டு டீக்கடைக்குப் போய் வீட்டுக்காரரை இழுத்து வந்தேன். அக்கா கதவைச் சாத்தி, அவரை மைக்ராஸ்கோப்பில் குனிய வைத்தார்.

"தலை தெரியுதுங்களா தம்பி? பின்னால நூலாட்டம் வாலு. அத ஆட்டித்தான் நீந்தோணும். ஒண்ணாச்சும் ஆட்டுதா பாருங்க."

பாடப்புத்தகத்தில் கசையிழை என்று போட்டிருப்பது அந்த வாலைத்தான். என் வீட்டுக்காரர் வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

"இல்லீங்க. எதுவும் அசையலீங்க."

வீட்டுக்குள் நுழைந்ததும், "அம்மா, பொண்ணு ஊட்டுல வேண்டாம்னு சொல்லிருங்க. கொறை எம்மேலதானுங்க. நானே கண்ணால பாத்துட்டேன்" என்றார்.

எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அக்காவும் விட்டபாடில்லை, பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் நடுவே, "இன்னொருக்கா டெஸ்ட் பண்ணலாமுங்களா தம்பி?" என்று கத்தி எங்கள் மானத்தை வாங்குவார். ஆனாலும் கல்லறைக்குப் பெட்டியைத் தூக்கிப் போனவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர்.

அக்கா மேல் எனக்கு எரிச்சல் இன்னும் தீரவில்லை. தன் வியாதியைப் பற்றி எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்னவாம்? ஆனால் அவரால் எனக்கு நிலைத்தது ஒன்று உண்டு. இன்றும் மாமியார் வீட்டில் அடுப்பைப் பற்றவைப்பது நான்தான், வேறொருத்தி இல்லை.