மாமியாரின் கீரைப் பாத்தி

சினிகீவேக்கும் அவள் மாமனாருக்கும் நடுவில் ஒரு நாய்தான் தூது போனது. நாயின் பெயர் டேஞ்சர். பெயருக்கேற்ற குணம் அதனிடம் துளியும் கிடையாது. வெயிலில் புரளும், களி வைத்தால் தின்னும். ஆனாலும் புலவாயோ நகரில் இருந்த அந்த வீட்டுப் பேச்செல்லாம் அதன் காது வழியாகத்தான் நடந்தது.

மருமகள் மாமனாரோடு நேருக்கு நேர் பேசக் கூடாது, அவர் பெயரைச் சொல்லக் கூடாது, முகத்தைப் பார்க்கக் கூடாது. இந்தக் காலத்தில் பாதி வீடுகளில் இதையெல்லாம் எப்போதோ காற்றில் விட்டுவிட்டார்கள். மபேனா கிழவர் விடவில்லை. ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். எதையும் தாண்டக் கூடாது என்பது ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. மாமியார் இருந்தவரை இவர் சொல்வதை அவளிடமும், அவள் சொல்வதை இவரிடமும் சலிக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அவள் கண்ணை மூடிய பிறகு, சினிகீவேயின் கணவனும் ஜொஹன்னஸ்பர்க்கில் இருக்க, வீட்டில் மிஞ்சியது இவர்கள் இருவரும் நாயும்தான்.

"டேஞ்சர், இன்னிக்குக் கீரையில உப்பு தூக்கலா இருக்குடா" என்பார் கிழவர், வாசல்படியில் உட்கார்ந்து.

"டேஞ்சர், அழுக்குச் சட்டையை வெளியில போட்டாத்தானே துவைக்க முடியும்?" என்பாள் சினிகீவே, அடுப்படியிலிருந்து.

நாய் இருவருக்கும் பொதுவாக வாலை ஆட்டும்.

மாமியார் விட்டுப்போனதில் முக்கியமானது கொல்லையில் இருந்த கோவோக் கீரைப் பாத்தி. அகல அகலமான இலை, களிக்கு அதைவிடப் பொருத்தமாக ஒன்றும் கிடையாது. கிழவி இருந்தபோது தெருவே அந்தப் பாத்தியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது. இப்போது அவளுடைய ஆவியை வீட்டுக்கு அழைத்து வரும் சடங்கு நெருங்கிக்கொண்டிருந்தது. கிழவரின் மூத்த மகள் தோகோசானி, சினிகீவேயின் நாத்தனார், க்வேருவிலிருந்து போனில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்.

"மாட்டுக்கறி இருக்கட்டும், பீர் இருக்கட்டும். அம்மா பாத்தியில பறிச்ச கீரை பந்தியில இருக்கணும், மாகோட்டி. அம்மா வீடு உசிரோட இருக்கா இல்லையான்னு அதை வச்சுத்தான் நான் பார்ப்பேன்."

மாகோட்டி என்றால் மருமகள். தோகோசானி அந்தச் சொல்லை உச்சரிக்கும்போது அது வேலைக்காரி என்று காதில் விழும்.

அந்த நேரம் பார்த்துத்தான் கீரை பழுக்கத் தொடங்கியது. முதலில் அடி இலை மஞ்சளானது, பிறகு நடு இலை. மத்தியானத்தில் செடிகளெல்லாம் தலை தொங்கி நின்றன. ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை முடித்து, இருட்டும் நேரத்துக்குத்தான் சினிகீவே வீடு திரும்புவாள். வந்ததும் முதல் வேலையாக ஒரு கேன் தண்ணீர் ஊற்றுவாள். வாடுகிறது என்றால் தாகம்தான், வேறென்ன? இரண்டு கேன் ஊற்றினாள். குழாயில் தண்ணீர் சில நாள் வரும், பல நாள் வராது. டிரம்மில் பிடித்துவைத்ததைத் தன் வாயைக் கட்டித்தான் ஊற்றினாள். செடிகள் இன்னும் மஞ்சளாயின.

இதற்கிடையில் இன்னொரு எரிச்சல். ஒவ்வொரு மாலையும் மாமனாரின் கதவோரம் ஒரு வாளி குளியல் தண்ணீரை மண்டியிட்டு வைத்துவிட்டு வருவாள். காலையில் வாளி காலி. ஆனால் கிழவர் குளிக்கவில்லை என்பது காற்றடிக்கும்போது தெரிந்தது. தன் வாய்க்குத் தண்ணீர் இல்லாதபோது இந்த மனுஷன் வாளி வாளியாக எங்கே கொட்டுகிறார்? ஒரு நாள் பொறுக்க முடியாமல் அவர் காதில் விழும்படியே சொல்லிவிட்டாள்.

"டேஞ்சர், வேளா வேளைக்குத் தண்ணி வச்சும் குளிக்காம நாறுறியே, உனக்கே நல்லாருக்கா?"

வாசல்படியில் உட்கார்ந்திருந்த கிழவர் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தார். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு மாமோயோ வேலியைத் தாண்டி வந்தாள். அந்த அம்மாளுக்கு அடுத்தவர் கொல்லையில் கை வைக்காவிட்டால் பொழுது போகாது. பாத்தியின் மேல் பரப்பியிருந்த காய்ந்த புல்லை விலக்கி, விரலை மண்ணுக்குள் விட்டாள். விரல் முழுசாகப் போயிற்று. வெளியே எடுத்தபோது கருஞ்சேறு.

"இது தாகத்துல வாடலை. முங்கிச் சாகுது. மோந்து பாரு."

சினிகீவே மோந்து பார்த்தாள். அழுகல் வாடை. ஒரு செடியைப் பிடுங்கினாள். வேர் கையோடு கழன்று வழவழவென்று தொங்கியது.

"புல்லு மேல வறண்டு கிடந்துச்சே."

"மேல வெயில் காய வைக்கும். அடியில யாரு காய வைப்பா? விரல் விட்டுப் பார்க்கணும். ஈரம் தட்டினா ஒரு சொட்டு ஊத்தப்படாது. எவ்வளவு ஊத்துற?"

"ஒரு கேன். இப்போ ரெண்டு."

மாமோயோ உதட்டைப் பிதுக்கினாள். "ரெண்டு கேனுக்கு இந்தச் சேறு வராது. இன்னொரு கை ஊத்துது. சடங்கு வருதுல்ல, உன்னைக் கெடுக்கணும்னு யாரோ கிளம்பியிருக்கா."

யார்? தன்மேல் அப்படி என்ன வன்மம்? கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்று சினிகீவே முடிவு செய்தாள்.

மறுநாள் விடியும் முன்பே களி கிண்டும் கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு கொல்லைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். காலடிச் சத்தம் கேட்டது. கட்டையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

வந்தது மபேனா கிழவர். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டியிருந்தார். கையில் அவள் நேற்று மாலை வைத்த குளியல் வாளி, சொட்டுக் குறையாமல். பாத்தி ஓரமாக மெல்ல உட்கார்ந்து, முகச்சவரக் குவளையால் மொண்டு, ஒவ்வொரு செடியாக ஊற்றத் தொடங்கினார். பெண்கள் பாத்தியில் ஆண் கை வைத்தால் தெரு சிரிக்கும். அதனால்தான் இந்த நேரம்.

ஊற்றிக்கொண்டே செடியோடு பேசினார்.

"கோவிச்சுக்காதே. மருமக தண்ணி ஊத்த மறந்துடுறா. ஊத்தி நான் ஒரு நாள்கூடப் பார்க்கலை. சாயங்காலம் நான் பீர் குடிக்கப் போற நேரத்துலதான் அவ வேலையிலிருந்தே வர்றா, பாவம் களைச்சுப்போய். கேட்டா அவமானமாப் போயிடும். தோகோசானி வர்றதுக்குள்ள நீ தலைதூக்கிடு. அந்தப் பொண்ணைக் காட்டிக் கொடுத்துடாதே."

இன்னொரு குவளை மொண்டார்.

"நான் நாறுறேனாம். டேஞ்சர்கிட்ட சொன்னா. நெசம்தான்."

கட்டை சினிகீவேயின் கையிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது, கிழவருக்கு அதுவும் கேட்கவில்லை. பகைக்காரியைத் தேடி நின்றவளுக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. அவர் குனிந்து, கடைசி வரிசைக்கு நகர்ந்தார். அங்கே இன்னும் பச்சையாக மிஞ்சியிருந்தவை சில செடிகள்தான். அவற்றின் மேலும் குவளை சாயப்போகிறது.

நாயைத் தேடினாள். அந்தப் பாழாய்ப்போன நாய் அன்றைக்குப் பார்த்து எங்கோ ஊர் சுற்றப் போயிருந்தது.

"பாபா" என்றாள். "போதும். ஊத்தாதீங்க."

அந்த வீட்டுக்கு வாழ வந்ததிலிருந்து அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். கிழவர் குவளையைப் பிடித்தபடி உறைந்துபோனார். அவரும் சுற்றுமுற்றும் நாயைத்தான் தேடினார். காணவில்லை. மெதுவாகத் திரும்பினார், ஆனால் அவள் காலைத்தான் பார்த்தார்.

"போதுமா?"

"நானும் தினம் ஊத்துறேன், பாபா. வேர் அழுகிப் போச்சு."

கிழவர் விரலை மண்ணில் விட்டு, சேற்றைப் பார்த்து, முணுமுணுத்தார்.

"நம்ம ரெண்டு பேருமாச் சேர்ந்து கொன்னுட்டோமே."

எழுந்து, மிச்சமிருந்த அரை வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டார்.

"அப்போ இதுல நான் குளிச்சிடறேன்."

சடங்கன்று பந்தியில் கறி மலையாகக் குவிந்தது. கீரை மட்டும் ஒரு சின்னக் கிண்ணத்தில் வந்தது. கடைசி வரிசைச் செடிகள் கொடுத்தது அவ்வளவுதான். தோகோசானி கிண்ணத்தைத் தூக்கி நாலு பேருக்கும் காட்டினாள்.

"இதான் எங்க அம்மா பாத்தியா? பட்டினி போட்டே கொன்னுட்டா."

சினிகீவே தலை குனிந்து மண்டியிட்டிருந்தாள். கிழவர் தொண்டையைச் செருமினார்.

"பட்டினி போடலை. தண்ணியில முக்கினோம். நானும் ஊத்தினேன், தினமும். அவ வாய் திறந்து போதும்னு சொன்னதாலதான் இந்தக் கிண்ணமாவது மிஞ்சுச்சு."

பந்தியில் யாருக்கும் கை வாய்க்குப் போகவில்லை. பெண்கள் பாத்தியில் இவர் தண்ணீர் ஊற்றினாரா? தோகோசானிக்கு அதைவிடப் பெரிய அதிர்ச்சி வேறொன்றில் இருந்தது.

"அவ உங்ககிட்ட பேசினாளா?"

கிழவர் களியை உருட்டி, கீரையில் தோய்த்து, மென்று விழுங்கினார். காலடியில் டேஞ்சர் வழக்கம்போல் காதை நிமிர்த்திக் காத்திருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"உப்பு சரியா இருக்கு, மாகோட்டி" என்றார், அவள் முகத்தைப் பார்த்து.