அக்கா பேசிய கேசட்

சென்னையிலிருந்து அக்கா மகன் போனில் கேட்டான்: "மாமா, அப்பா துபாய்ல இருந்து அனுப்புன பழைய கம்ப்யூட்டர் கெடக்கா? இப்ப அதையெல்லாம் கண்ணாடிப் பெட்டியில வச்சுப் பாக்குறாக."

உப்புக் காற்றில் இற்றுக் குப்பைக்குப் போய்விட்டது, போகட்டும். வைத்துப் பார்க்க அதில் என்ன இருந்தது? ஐம்பத்தெட்டு விசைகள் உள்ள ஒரு பலகை. திரை கிடையாது, வீட்டு டிவியில் மாட்ட வேண்டும். மாட்டினால், இலங்கை டிவி பார்க்க வந்து உட்கார்ந்திருக்கும் தெருவே என்னைச் சபிக்கும். கரண்ட் ஒரு முறை போய் வந்தால் அடித்ததெல்லாம் அழிந்துவிடும். அதனால் டேப்ரெக்கார்டரை இணைத்து, பாட்டுப் பதிவதுபோல் கேசட்டில் பதிந்து வைக்க வேண்டும்.

அதன் அட்டைப்பெட்டியைத் திறந்தாலே துபாய் சோப்பு வாசனை. அத்தான் அனுப்பும் எல்லாவற்றுக்கும் அதே வாசனைதான், காலிக் கேசட்டுகளுக்கும். அந்தக் கேசட்டுகளில்தான் அக்கா அவருக்குப் பேசி அனுப்புவாள். எங்கள் பக்கத்தில் அன்று கடிதம் எழுதியவர்களைவிடப் பேசி அனுப்பியவர்கள் அதிகம். காலிக் கேசட் தீர்ந்தால் பாட்டுக் கேசட்டை எடுத்து, அதன் முதுகிலுள்ள ஓட்டையில் காகிதத்தைத் திணித்துவிட்டு மேலேயே பேசுவார்கள். யாரும் அழிக்கக் கூடாதென்று விட்ட ஓட்டை அது!

திருவாடானைப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் நான் தற்காலிகக் கணக்கு வாத்தியார். பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் கூட்டி ரேங்க் போட்டுக் காட்டினால், புதிதாக வரும் கம்ப்யூட்டர் வகுப்பையும் நிரந்தர வேலையையும் எனக்கே தருவதாகத் தாளாளர் சொல்லியிருந்தார். நாற்பது நாள் உட்கார்ந்து அடித்தேன். கேசட்டில் பதிந்து, யாரும் அழிக்காமலிருக்க முதுகுத் தகட்டையும் மறக்காமல் உடைத்து ஓட்டையாக்கி வைத்தேன்.

தாளாளர் அறையில் பதினொரு ஆசிரியர்கள். கேசட் ஓடுகிறது, டிவியில் ஒன்றும் வரவில்லை. "டேப்பு சுத்துதான்னு சத்தத்த வச்சுக் கேளுங்க" என்றார் தாளாளர். டேப்ரெக்கார்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் வயரைப் பிடுங்கினேன். அக்காவின் குரல் அறையை நிறைத்தது.

"ஏங்க, நல்லா இருக்கீகளா? நீங்க அனுப்புன பொட்டியத் தம்பி ராவும் பகலும் தட்டிக்கிட்டுக் கெடக்கான். ஒரு பைசாவுக்குப் புண்ணியமில்ல. அதுக்கு ஒரு மிக்சி அனுப்பிருக்கலாம்."

சிரித்து முடித்தபின் தாளாளர் சொன்னார்: "தம்பி, மிக்சி வந்தா கொண்டாங்க, பாப்போம்."

கம்ப்யூட்டர் வகுப்பு அவர் மருமகனுக்குப் போனது. எனக்கு அந்தக் கோடையோடு வேலையே போனது.

வீட்டுக்கு வந்து கத்தினேன். அக்கா அசையவில்லை. "போட்டுக் கேட்டேன்டா. கொய்யுன்னு ஒரே இரைச்சலு. கெட்டுப்போன கேசட்டுன்னு நெனச்சேன்."

"நாப்பது நாளு உழைப்புக்கா!"

"ஏலே, அவரு மொகத்தப் பாத்து எனக்கு மூணு வருசமாச்சு. நீ நாளு கணக்குச் சொல்றியாக்கும்."

அவளோடு ஒரு வருடம் பேசவில்லை. தாளாளரையும் அவர் மருமகனையும் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அந்தப் பள்ளி இப்போது இல்லை. தாளாளர் இல்லை. சிரித்த பதினொரு பேரில் பத்துப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிஞ்சியவரைப் போன மாதம் பரமக்குடி பஸ் ஸ்டாண்டில் பிடித்தேன். இத்தனை வருடம் சேர்த்து வைத்திருந்ததை நின்றபடியே கொட்டித் தீர்த்தேன். பொறுமையாகக் கேட்டவர், கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"அநியாயமால்ல இருக்கு. அது எந்தப் பள்ளிக்கூடம் சார்?"