கையில் இல்லாத கோளாறு

வண்டியை விற்றுவிடலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னது ஒரு காலையில், காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது. கிழிந்த பாயைத் தூக்கிப் போடலாம் என்பது போலச் சாதாரணமாகச் சொன்னார். அந்தப் பிக்கப்பில்தான் எங்கள் பிழைப்பே ஓடியது. மண்டபங்களுக்குச் சமையல் பாத்திரம், பொள்ளாச்சிப் பக்கமிருந்து தேங்காய், ஒறம்பரை, சொந்தக்காரர்கள் யாராவது குடி மாறினால் அவர்கள் சாமான் என்று எல்லாவற்றையும் அவரே ஏற்றி, அவரே ஓட்டி, அவரே இறக்கிவிட்டு வருவார். சம்பளத்துக்கு ஒரு டிரைவரை வைத்ததே கிடையாது.

"ஏனுங்க, திடீர்னு என்னங்க ஆச்சு?" என்றேன்.

"என்ற கையில தெம்பில்ல அம்மணி. போட்ட கியரு நிக்க மாட்டேங்குது. ஒரு மேட்டுல லோடோட கழண்டு வண்டி பின்னால வந்துச்சுன்னா, பின்னாடி வர்றவன் என்ன பாவம் பண்ணினான்?"

தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

போன வருஷம் அவருக்கு லேசாகப் பக்கவாதம் வந்தது. இடது கையும் வாயும் கொஞ்சம் இழுத்தது. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதால் தப்பித்தோம். சில மாதங்களில் எல்லாம் சரியாகி, வண்டி ஓட்டலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். விரல் நுனியில் மட்டும் கொஞ்சம் மரமரப்பு மிச்சம் இருந்தது. மறுபடி வண்டியில் உட்கார்ந்த கொஞ்ச நாளிலேயே செகண்டு கியர் தொந்தரவு ஆரம்பித்தது. போட்டால் விழும், காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்ததும் டக்கென்று கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். கியர் போடுவது இடது கை. அந்தக் கைக்குத்தான் வியாதி வந்திருந்தது. முழுசாக அழுத்திப் போடும் தெம்பு கைக்கு இல்லை, மரத்த விரலுக்குக் கியர் விழுந்ததா இல்லையா என்றும் தெரிவதில்லை என்று அவரே தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

டிவி பார்க்கும்போதுகூட ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டே இருப்பார். வால்பாறையில் ஒரு எஸ்டேட் கல்யாணத்துக்குப் பாத்திரம் கொண்டுபோக ஆள் வந்தபோது, அன்றைக்கு வேறு வாடகை இருக்கிறது என்று பொய் சொல்லித் திருப்பி அனுப்பினார். அத்தனை கொண்டை ஊசி வளைவையும் செகண்டு கியரை நம்பித்தானே ஏற வேண்டும்? நகரத்துக்குள் ஓட்டும்போது இடது கையைக் கியர் குமிழை விட்டு எடுக்கவே மாட்டார். அமுக்கிப் பிடித்தபடியே ஓட்டுவார். அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும். அவர் முன்னால் அழ முடியுமா? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஈரோட்டிலிருந்து ஒருவர் வண்டி பார்க்க வந்தார். மஞ்சள் மூட்டை ஏற்ற ஒரு பழைய வண்டி வேண்டுமாம். ஓட்டிப் பார்க்கக் கிளம்பியபோது நானும் ஏறிக்கொண்டேன். போகப்போகிற வண்டியில் கடைசியாக ஒரு தடவை உட்கார்ந்துவிடலாம் என்று ஒரு ஆசை. வந்தவர் ஓட்ட, என் வீட்டுக்காரர் நடுவில், நான் கதவோரம்.

வாய்க்கால் பாலம் தாண்டி ஒரு இறக்கம். அவர் செகண்டு போட்டுக் காலை எடுத்தார். டக். குமிழ் தானாகத் துள்ளி நடுவுக்கு வந்தது.

"என்னங்க இது?" என்று மறுபடி போட்டார். மறுபடி டக்.

"கியர் பாக்ஸ் போயிருச்சுங்களே! இந்த வெலைக்கெல்லாம் ஆவாதுங்க. நல்லாக் கொறைச்சுக்கோணும்," என்று மனிதர் பேரத்தை ஆரம்பித்தார்.

என் வீட்டுக்காரருக்கு விலை காதிலேயே விழவில்லை. வந்தவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல முரட்டுக் கை, மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கை.

"உங்களுக்குங்கூடக் கழண்டுச்சுங்களா?"

"நீங்க பாத்துட்டுத்தானுங்க இருக்கறீங்க?"

"நல்லா அமுக்கித்தான் போட்டீங்களா?"

"நான் என்னங்க, நேத்தா ஸ்டியரிங் புடிச்சேன்?" அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"கோவிச்சுக்காதீங்க. இன்னொருக்கா போடுங்க."

போட்டார். கழன்றது. "இன்னொருக்காங்க," என்றார் இவர். மறுபடியும் கழன்றது. ஒவ்வொரு தடவை கழலும்போதும் இவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தன் வண்டி உடைந்திருக்கிறது என்று கேட்டு இப்படிச் சந்தோஷப்படுகிற ஆட்களை அந்த மனிதர் பார்த்திருக்க மாட்டார். கடைசியில் என் வீட்டுக்காரர், "வண்டி விக்கறதில்லீங்க," என்றார்.

"அட, வெலையத்தானுங்க கொறைக்கச் சொன்னேன்!"

பாவம், அவரைச் சும்மா அனுப்ப மனசில்லாமல் சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினோம். ரசம் ஊற்றிச் சாப்பிடும்போதும் எங்கள் இரண்டு பேரையும் ஒரு மாதிரியாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் போனதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. என் தம்பி அடிக்கடி இந்த வண்டியை வாங்கிக்கொண்டு போவான். திருப்பி விடும்போது கழுவித் துடைத்து, டீசலும் ஊற்றித்தான் விடுவான். ஒவ்வொரு தடவையும் இவர், "கியரெல்லாம் எப்படி மாப்ளே?" என்று கேட்பார். "அதுக்கென்னங்க மாமா, தங்கமாட்டம் ஓடுதுங்க," என்பான் அவன். அதைக் கேட்டதும் இவர் முகம் வாடிவிடும். மற்றவன் கைக்கு ஓடுகிற வண்டி தன் கைக்கு மட்டும் ஓடவில்லையே என்று. போனை எடுத்தேன்.

"டேய், செகண்டு கியரு உன்றகிட்டக் கழண்டுச்சா, இல்லியா? நெசத்தைச் சொல்லு."

"கழளுமுங்க்கா. எப்பவுமே கழளும்," என்றான்.

"அப்பறம் எதுக்குடா தங்கமாட்டம் ஓடுதுன்னு சொன்னே?"

"ஓசியில வண்டி வாங்கிட்டுப் போயிட்டு, திருப்பி உடறப்ப கொறை சொன்னா நல்லா இருக்குங்களா? மாமா மனசு சங்கடப்படாதுங்களா? அதுவும் ஒடம்பு முடியாம இருந்து எந்திருச்சவரு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. எங்கள் ஊர்ப்பக்க மரியாதை இருக்கிறதே, அதைக் கொண்டுபோய்க் குப்பையில் போட வேண்டும்! அடுத்தவன் மனசு கோணக்கூடாது, கோணக்கூடாது என்று, ஒரு மனுஷனைத் தன் கையையே சந்தேகப்பட வைத்துவிட்டார்கள். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவன் எல்லாவற்றுக்கும் "சரிங்க்கா, தப்புத்தானுங்க்கா" என்றான். திட்டுகிறவளுக்கும் இத்தனை மரியாதையா என்று இன்னும் எரிச்சல்தான் வந்தது.

மறுநாளே உக்கடம் பக்கம் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் போனோம். கியர் ராடு, புஷ், ரப்பர் மவுண்டிங் எல்லாம் முதலில் ஆட்டிப் பார்த்தார். வெளியே ஒரு கோளாறும் இல்லை. வண்டிக்கு அடியில் தட்டை வைத்துக் கியர் ஆயிலை இறக்கினார். கருப்பாக வந்த எண்ணெயில் பித்தளைத் தூள் ஜரிகை போல மின்னியது. அடியில் ஒரு கியர்ப் பல்லின் துண்டும் கிடந்தது.

"உள்ள தேஞ்சு முடிஞ்சுதுங்க. ரொம்ப நாளாவே தேஞ்சிருக்கோணும். இந்த மாடலுக்குச் சாமான் தேடறதுக்குப் பதிலா, நல்ல பழைய பாக்ஸா ஒண்ணு பாத்து மாத்திரலாமுங்க."

அந்த எண்ணெயை என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். இடது கை விரலால்தான்.

பழைய சாமான் கடைகளில் அலைந்து ஒரு பாக்ஸைப் பிடித்தோம். மெக்கானிக் ஷாஃப்டைக் கையால் சுற்றி, ஒவ்வொரு கியராகப் போட்டு, பேரிங் சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துப் பார்த்த பிறகுதான் வாங்கச் சொன்னார். பழையதை ஜாக்கி கொடுத்து இறக்கி, கிளச்சுத் தட்டையும் மாற்றி, புதிதாக வந்ததை ஏற்றி முடுக்கினார்கள். மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து சாவியை நீட்டினார்.

இவர் வாங்கவில்லை. "நீங்களே ஊடு வரைக்கும் கொண்டாந்து உட்ருங்களேன்," என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. முகத்தைப் பார்த்ததும்தான் புரிந்தது. நேற்று வரை பழி போட ஒரு பாக்ஸ் இருந்தது. இனிமேல் கழன்றால் கையைத் தவிர வேறெதையும் சொல்ல முடியாது. என் மனுஷன் பயந்துபோய் நின்றார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. தாங்காதபோது எனக்குக் கோபம்தான் வரும்.

"ஏறுங்க! இத்தனையும் பண்ணிப்போட்டு இப்ப என்ன புதுப்பொண்ணாட்டம் வெக்கம்?"

ஏறினார். நானும் ஏறினேன். வண்டி நகர்ந்து செகண்டு போடும்போது கர்ரென்று ஒரு சத்தம். அப்படியே நிறுத்திவிட்டார். "பாத்தியா," என்றார், மெதுவாக.

மெக்கானிக் ஜன்னல் பக்கம் ஓடி வந்தார். "ஒண்ணுமில்லீங்க, இப்பத்தானுங்க மாட்டிருக்குது, போகப் போகச் செட்டாயிருமுங்க."

"ஐயா சாமி! உங்க மரியாதையெல்லாம் போதுமுங்க. எது தப்புன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிப்போடுங்க!" என்று கத்தினேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "கையி நல்லாத்தானுங்க இருக்குது. அவசரப்படறாருங்க. கிளச்சு முழுசா எறங்கறதுக்குள்ளயே கியரைத் தள்ளறாருங்க."

இவர் கிளச்சைத் தரையோடு மிதித்தார். ஒரு மூச்சு விட்டார். கியரைப் போட்டார். சத்தமே இல்லாமல் விழுந்தது.

உக்கடம் மேம்பாலத்தில் ஏறினோம். இறக்கம் வந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். கியர் அப்படியே நின்றது. மெல்ல, மெல்ல, குமிழிலிருந்து கையை எடுத்து ஸ்டியரிங்கில் வைத்தார். இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்து அவர் ஓட்டி எத்தனை காலமாயிற்று!

"எப்படி அம்மணி ஓட்டறேன்?" என்றார்.

நல்லா ஓட்டறீங்க என்றுதான் வாயில் வந்தது. ஆனால் அந்த மாதிரி மரியாதைப் பேச்சை இத்தனை நாளாகக் கேட்டுக் கேட்டுப் புண்ணாகிப்போனவர். விழுங்கிக்கொண்டேன்.

"என்னத்த ஓட்டறீங்க? ரோடு காலியாக் கெடக்குது, இன்னும் செகண்டுலயே உருட்டறீங்க. பின்னால பஸ்ஸுக்காரன் ஹாரனடிச்சு உசுரை வாங்கறான், காது கேக்கலீங்களா?"

என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரித்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. கிளச்சை முழுசாக மிதித்து மூன்றாவது கியரைப் போட்டார்.