சிங்கள நாடகத்துக்குத் தமிழ் சொன்ன அக்கா

எங்கள் வீட்டு டிவியின் சத்தத்தைக் குறைக்க நான் விடுவதில்லை. பிள்ளைகள் ரிமோட்டைத் தொட்டாலே சண்டைதான். "அம்மாவுக்குக் காது அடைச்சிருச்சு" என்று கேலி பண்ணுகிறார்கள். பண்ணட்டும். சத்தம் குறைந்தால் அந்த இடத்தில் வேறொரு குரல் பேச ஆரம்பிக்கும். அவசரமில்லாத, தடுமாறாத ஒரு பெண் குரல். இத்தனை வருஷமாகியும் அது என்னை விட்டுப் போகவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு நான் வாழ்க்கைப்பட்டுப் போனேன். அண்ணன் சீராக ஒரு கறுப்பு வெள்ளை டிவி வாங்கித் தந்தார். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் கரண்ட் கிடையாது. பொல்பிட்டியவில் ஆற்றைப் பிடித்துக் கரண்ட் எடுத்து ஊர் உலகத்துக்கெல்லாம் அனுப்பினார்கள், எங்களுக்கு மண்ணெண்ணெய் விளக்குதான். டிவி ஓடியது கார் பெட்டரியில். அதைத் தூக்கிக்கொண்டுபோய் டவுனில் சார்ஜ் ஏற்றிவருவது என் வீட்டுக்காரர் வேலை. புதன்கிழமை நாடகத்துக்கு முன்னால் கிரிக்கெட் என்று சொல்லிக்கொண்டு யாராவது பெட்டரியில் கைவைத்தால் அன்றைக்குச் சோறு கிடையாது என்று சொல்லிவைத்திருந்தேன். ஒருமுறை சொன்னபடி செய்தும் காட்டினேன்.

அது சிங்கள நாடகம். தமிழில் ஏதாவது போடும் நேரம் நாங்கள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்போம், அதைப் பார்க்க யாருக்குக் கொடுத்துவைத்திருந்தது? பொழுது சாய்ந்து அடுப்பு வேலையை முடித்ததும் லயத்துப் பெண்களெல்லாம் எங்கள் காம்பராவுக்கு வந்துவிடுவார்கள். இருந்ததே ஒரே அறை. கம்பளியும் ஈரத் தலையுமாக நெருக்கியடித்து உட்காருவார்கள். நான் எல்லாருக்கும் தேத்தண்ணீர் ஊற்றுவேன்.

எங்களுக்குக் கதையைத் தமிழில் சொன்னது கோடிக் காம்பரா அக்கா. சின்ன வயதில் கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றவர், சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் எங்களைப் பார்த்தபடி உட்காருவார். காது நாடகத்தில் இருக்கும், வாய் எங்களிடம் இருக்கும். "அவ அம்மாவப் பாக்கணும்ங்குறா. வீட்டுக்கார நோனா சொல்றா, வெசாக் பண்டிக முடியட்டும், பாக்கலாம்னு." அழுகிற இடத்தில் அழமாட்டார். அழுகிறதை எங்களிடம் விட்டுவிடுவார்.

கிராமத்துப் பெண் ஒருத்தி பட்டணத்துப் பெரிய வீட்டுக்கு வேலைக்குப் போகிற கதை அது. எங்களுக்கு அது கதையா என்ன? எங்கள் லயத்தில் பெண்பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்பாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அக்காவின் ஒரே மகளும் அப்படிப் போனவள்தான். தரகன் ஒருவன் வந்து, படிக்கவும் வைப்பார்கள் என்று சொல்லிக் கூட்டிப்போனான். தீபாவளிக்குத் தீபாவளி வந்தவள் அந்த வருஷம் வரவில்லை. எவனோடோ ஓடிப்போய்விட்டாள் என்று அந்த வீட்டார் தரகனிடம் சொல்லியனுப்பினார்கள். அக்காவுக்குப் புருஷனும் இல்லை. எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர்தான் அலைந்து திரிந்து கொழும்பில் ஒரு லோயரைப் பிடித்தார். பெற்றவள் நேரில் வந்து பொலிசில் முறைப்பாடு கொடுத்தால்தான் அந்த வீட்டுக்குள் போய்க் கேள்வி கேட்க முடியும், வேறு யார் போனாலும் காரியம் நடக்காது என்று அந்த லோயர் சொல்லியிருந்தார்.

அக்கா இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்துக்கொண்டிருந்தார். "இந்தக் கதை முடியட்டும் தம்பி, போவோம்" என்று தலைவரிடம் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற மகளைத் தேடிப் போவதற்கு டிவி நாடகம் முடிய வேண்டுமா? பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன். அக்கா கோபப்படவில்லை.

"போனா பதில் சொல்லிருவாங்களே தங்கச்சி. அதான் பயமா இருக்கு."

இதற்கிடையில் நாடகத்துப் பெண்ணும் காணாமல் போனாள். ஒரு வாரம் அவள் திரையில் வரவேயில்லை. நோனா அழுதாள், யாரோ வந்து விசாரித்தார்கள். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அக்கா மட்டும் குரல் மாறாமல் சொன்னார்: "ஒண்ணும் பயமில்ல. கடற்கரப் பக்கம் ஒரு வீட்ல பத்திரமா இருக்காளாம். வந்துருவா." அதன்பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் பெண்கள் கேட்பார்கள், "எப்ப வருவா?" அக்கா சொல்வார், "அடுத்த வாரம்."

ஒருநாள் கருவாடு வாங்கக் கீழே கடைக்குப் போனேன். முதலாளியின் மனைவி சிங்களப் பெண், எங்களோடு பழகிப் பழகித் தமிழும் பேசுவார். அவரும் அதே நாடகம் பார்க்கிறவர்தான். "அந்தப் புள்ள அடுத்த வாரம் வந்துருவாளாமே?" என்று பெருமையாகக் கேட்டேன். கருவாட்டை நிறுத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார்.

"யாரு வாறது? ஐயோ, அவ மெரிலானே! அந்த வீட்டு மாத்தயா, நோனாட புருஷன் தானே கொன்னது. எப்பவோ மெரிலா."

கருவாட்டை எடுத்தேனோ இல்லையோ, மேடேறி வந்துவிட்டேன். என் வீட்டுக்காரரின் அம்மா, மாமி, அடுப்பு முன்னால் இருந்தார். "பாத்தீங்களா மாமி, அக்கா நம்மள ஏமாத்துறாங்க. அந்தப் புள்ள செத்துப் போச்சாம்" என்று கத்தினேன். மாமி விறகைத் தள்ளிவிட்டு நிதானமாக என்னைப் பார்த்தார்.

"மெரிலான்னா செத்துட்டான்னு தெரியாத ஆளு இந்தத் தோட்டத்துல யாருடி இருக்கா? அந்த நோனா அழுதுக்கிட்டே சொன்னப்ப எல்லாருக்கும்தான் கேட்டுச்சு. ஒனக்குத்தான் தேத்தண்ணி ஊத்துற அவசரம்."

"அப்பறம் ஏன் எல்லாரும் எப்ப வருவா, எப்ப வருவான்னு கேக்குறீங்க?"

"வருவான்னு அவ வாயால சொல்லணும்னுதான் கேக்குறோம். அப்படிச் சொல்ற அன்னைக்குத்தான் அவ வீட்ல அடுப்பு எரியுது."

அதன்பிறகு புதன்கிழமை வந்தாலே எனக்கு உடம்பு கூசும். செத்துப்போன ஒருத்தியை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு, அவள் எப்போது வருவாள் என்று ஓர் அறை நிறையப் பேர் பேசிக்கொண்டிருந்தோம். கேட்கிறவர்களுக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். டிவி வெளிச்சம் அக்காவின் ஒரு பக்க முகத்தில் மட்டும் விழும். கதவு காற்றில் ஆடினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்போம், யாரும் சிரிக்கமாட்டோம். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது.

கடைசிப் புதன்கிழமை லயமே திரண்டு வந்தது. ஆண்கள் வாசலில் நின்றார்கள். சங்கத் தலைவரும் வந்திருந்தார். மறுநாள் காலை நானுஓயாவில் ரயிலேற வேன் சொல்லியாகிவிட்டது, அக்காவும் சரி என்று தலையாட்டியிருந்தார்.

நாடகம் முடிகிற இடத்தில் பேச்சே இல்லை. அந்தப் பெண்ணின் அம்மா, பெரிய வீட்டுக்கு எதிரே ரோட்டோரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். மழை பெய்கிறது. கேட் மூடிக் கிடக்கிறது. தமிழ் சொல்வதற்கு ஒன்றுமில்லை. நாங்கள் எல்லாரும் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் முதல்தடவையாக எங்களுக்கு முதுகைக் காட்டித் திரையைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"வந்துட்டா."

அவர் விரல் திரையில் தெரிந்த கேட்டின்மேல் நின்றது.

"இந்தா, கேட்டத் தொறந்துக்கிட்டு வர்றா. எளச்சுப் போயிருக்கா. தெரியுதா ஒங்களுக்கு?"

திரையில் மூடிய கேட்தான் இருந்தது. மாமிதான் முதலில் வாயைத் திறந்தார். "ஆமாடி, வந்துட்டா." அடுத்து இன்னொருத்தி, "தெரியுது அக்கா, நல்லாத் தெரியுது." பிறகு ஆளுக்கு ஆள். "என்னமா வளந்துட்டா!" நானும் ஆமாம் என்றேன். வாசலில் நின்ற தலைவரும் தலையாட்டினார். பெண்கள் அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதார்கள், சிரித்தார்கள். தேர்த் திருவிழாவிலும் நான் பார்த்ததில்லை, வேலைநிறுத்தத்திலும் பார்த்ததில்லை, அந்த லயம் அப்படி ஒரே மனதாக நின்றதை. நாளைக்குப் பயணம் போகிறவளுக்குத் தெம்பு கொடுத்து அனுப்புகிறோம் என்றுதான் அத்தனை பேரும் நினைத்தோம்.

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போவதற்கு முன்னால் தலைவரும் நானும் அக்காவைக் கூப்பிடப் போனோம். அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது. அக்கா தலைவாரிப் பொட்டு வைத்திருந்தார். அவர் முகத்தை அவ்வளவு தெளிவாக நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"வேன் வந்துருச்சுங்க அக்கா, போவோமா?" என்றார் தலைவர்.

"எங்க தம்பி?"

"கொழும்புக்குதாங்க. மகளத் தேட."

அக்கா உதட்டில் விரல் வைத்தார். உள்ளே கம்பளி விரித்திருந்த வெறும் கட்டிலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"மெதுவாப் பேசுங்க. இப்பத்தான் கண்ணசந்திருக்கா." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பிக்கு மறந்துருச்சு போல. நேத்து நீங்க எல்லாருந்தானே தங்கச்சி பாத்தீங்க?"

வேன்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டேயிருந்தான். இல்லை என்று சொல்லாமலே தலைவர் இறங்கிப்போய் வேனைத் திருப்பி அனுப்பினார். கொழும்பில் அந்த வீட்டுக்குப் போய் அந்தப் பிள்ளை எங்கே என்று இன்றுவரைக்கும் ஒருவரும் கேட்கவில்லை.