ராமுத்தாய்க்கு வந்த தள்ளுபடி

2006இல் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன் தள்ளுபடி என்று அறிவிப்பு வந்தபோது ராமுத்தாய்க்குக் கடனே இல்லை. அந்தப் பங்குனியில்தான் கம்மலை அடகு வைத்துப் பாக்கியில்லாமல் கட்டியிருந்தாள். கொழுந்தன் பெண்டாட்டி சண்முகவள்ளி ஒரு தவணைகூடக் கட்டவில்லை. அவள் கடன் முழுவதும் போயிற்று.

"ஏக்கா, அம்புட்டு அவசரமா ஓடிப்போயி கட்டுனியே, சங்கத்துல மாலை போட்டாகளா?" வரப்பில் நின்று வள்ளி கேட்டாள்.

ராமுத்தாய் மல்லிகை மொட்டைக் கிள்ளினாள். வள்ளி வீட்டுக்கு மிக்சி வந்தது. அது ஓடும் சத்தம் கேட்டால் போதும், இவள் அம்மியில் குழவியைப் போட்டு இழுக்கிற இழுப்பில் மிளகாய் தெறிக்கும். கம்மல் இல்லாத காதைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டுதான் சொந்தக்காரர் விசேஷங்களுக்குப் போனாள்.

ஆவணியில் மோகன்குமார் தோட்டத்துக்கே வந்தான். நிலக்கோட்டையில் புதிதாகப் பூக்கமிஷன் கடை போட்டிருந்தவன். அவள் வழக்கமாகப் பூப் போடும் சூசை கடையில் வாங்கியிருந்த முன்பணத்தைத் தானே அடைத்துவிடுவதாகச் சொன்னான்.

"திருப்பித் தர வேணாங்க்கா. அஞ்சு வருசம் பூவ மட்டும் நம்ம கடைக்கே போட்டுருங்க. முழுத் தள்ளுபடி!"

தள்ளுபடி என்றதும், வள்ளியின் காதில் விழுகிற மாதிரி அதை எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டாள். ஆனாலும், "ஒரு முகூர்த்தம் போகட்டும் தம்பி" என்றாள்.

சாதாரண நாளில் எல்லாக் கடையிலும் ஏறக்குறைய ஒரே விலைதான். முகூர்த்த நாளில்தான் கடைக்காரனின் கை தெரியும். தன் பெயரில் பூ அனுப்பினால், ஆள் பிடிப்பதற்காக மோகன்குமார் நல்ல விலை போடுவான். ஆகவே அவனிடம் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பக்கத்துத் தோட்டத்து மூக்காயியிடம் தன் பூவில் பாதியைக் கொடுத்து, அவள் பூவாகவே போடச் சொன்னாள். மீதியைச் சூசை கடையில் போட்டாள். ஒரே செடி, ஒரே காலைப் பறிப்பு. மூக்காயிக்கு மோகன்குமார் சூசை கடை விலையைவிடக் கிலோவுக்கு நூறு ரூபாய் குறைத்துப் போட்டிருந்தான்.

"கேக்கலையா மதினி?" என்றாள் ராமுத்தாய்.

"கேட்டா? எங்கிட்டுப் போயிருவேன்னு அவனுக்குத் தெரியும்ல."

மோகன்குமார் மறுபடி வந்தபோது ராமுத்தாய் வேண்டாமென்றாள். அவன் நேரே வள்ளி தோட்டத்துக்கு நடந்தான்; அவளுக்கும் சூசை கடையில் முன்பணப் பாக்கி இருந்தது. மாட்டட்டும் என்று ஒரு கணம் இனித்தது. பிறகு மனம் கேட்காமல் பின்னாலேயே போய், மூக்காயி பூவுக்கு விழுந்த விலையைச் சொன்னாள்.

வள்ளி சிரித்தாள். "சங்கத்துக் கடன் போனதுல இருந்தே நீ வயிறெரியிறது ஊருக்கே தெரியும். இதும் எனக்கு வந்துருமோன்னு ஓடியாந்தியாக்கும்?"

அன்றே வள்ளி கையெழுத்துப் போட்டாள். ராமுத்தாய் தன் தோட்டத்துக்குத் திரும்பி நடந்தாள். வயிறெரிந்தது உண்மைதானே.

தை முகூர்த்தம். சூசை கணக்கைத் தீர்த்துவிட்டிருந்த ராமுத்தாய், கடை கடையாக விலை கேட்டு, அதிகம் சொன்ன இடத்தில் கூடையை இறக்கினாள். வள்ளி மோகன்குமார் கடையில் பூவைத் தட்டிவிட்டு, கொடுத்ததை எண்ணாமல் வாங்கி முடிந்துகொண்டு, பஸ் ஸ்டாண்டில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தாள்.

"வாக்கா, சூடா இருக்கு!"

ராமுத்தாயின் மடியில் அவளைவிட அதிகப் பணம் இருந்தது. ஆனாலும் அடுத்த கடையில் இன்னும் பத்து ரூபாய் கூடக் கிடைத்திருக்குமோ என்று மனம் கணக்குப் போட்டபடியே இருந்தது. எதையும் விசாரிக்காமல் இப்படி ஒருத்தியால் சிரித்துக்கொண்டு தின்ன முடிகிறதே என்று, பஜ்ஜியை வாங்கும்போது அவளுக்குப் பொறுக்கவில்லை.