ஆண்பனையோ, பெண்பனையோ, ஏழாம் நம்பரோ

தவறணையில் கள்ளு ஏற்கிறவனுக்கு நாக்குத்தான் தராசு. அந்தத் தராசோடு வீட்டுக்குப் போனால் வாசல் படலையிலேயே அம்மா மணந்து பிடித்துவிடுவா. நீங்களும் எங்கேயாவது ஒரு மேசைக்குப் பின்னால் நின்று, வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் பேச்சு வாங்கியவராக இருந்தால் என் பாடு உங்களுக்கு விளங்கும்.

எண்பத்தாறாம் ஆண்டு. பள்ளிச் சோதனை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தேன். சாவகச்சேரிப் பக்கத்தில், சீவல்தொழிலாளர் சங்கம் நடத்துகிற ஒரு கள்ளுத் தவறணையில் வேலை கிடைத்தது. மரம் ஏறிச் சீவுகிற சீவல்காரர் கொண்டுவரும் கள்ளை ருசி பார்த்து ஏற்க வேண்டும். எங்களிடம் எல்லாவற்றையும் ஒன்றாய்க் கலக்கிற பழக்கம் இல்லை. ஒவ்வொரு மண்முட்டியிலும் கொண்டுவந்தவரின் நம்பரைச் சோக்கால் எழுதி வரிசையாக வைப்போம். குடிக்க வருகிறவர்கள் நம்பர் சொல்லித்தான் கேட்பார்கள்.

முதல் மிடறு

முதல் நாள் காலையில் மனேச்சர் செல்லையா அண்ணை மூன்று முட்டிகளை எனக்கு முன்னால் வைத்தார். ஒன்று ஆண்பனை, ஒன்று பெண்பனை, மற்றது தென்னை. ஒரு பனையோலைப் பிளாவையும் கையில் தந்து, "குடிச்சு, வாயிலை உருட்டி, துப்பிப்போட்டுச் சொல்லு" என்றார். அதற்கு முன் நான் கள்ளைத் தொட்டதே இல்லை. முதலில் இளநீர் போல ஓர் இனிப்பு வந்தது. பிறகு நாக்கின் ஓரத்தில் சோடா கிள்ளுவதுபோல ஒரு கிள்ளல். கடைசியில் நனைந்த ஓலையின் வாசம். மூன்றிலும் எனக்கு அதுதான் தெரிந்தது.

"மூண்டும் ஒரே வெள்ளையாத்தானே அண்ணை கிடக்கு" என்றேன். எனக்குக் குரல் எழும்பாது. அவர் காதைக் கிட்டக் கொண்டுவந்து கேட்டார். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"தம்பி, வெள்ளை எண்டு சொன்னது உன்ரை கண். நான் கேட்டது நாக்கை."

ஒரு முட்டி, இரண்டு கட்சி

குடிக்கிறவர்கள் குந்தியிருக்கிற எங்கள் வாங்கில் தினமும் இரண்டு பேர் எதிரும் புதிருமாக இருப்பார்கள். ஒருவர் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்ற மாஸ்டர். மற்றவர் நீர்வேலியிலிருந்து வாழைக்குலை ஏற்றிவந்து சந்தையில் போட்டுவிட்டு வருகிற பொன்னுத்துரை அண்ணை. ஆண்பனைக் கள்ளுத்தான் கள்ளு, அதில்தான் முறுக்கு இருக்கு என்பது மாஸ்டரின் கட்சி. பெண்பனைதான் தொண்டைக்கு இதம், ஆண்பனை வெறும் கடுப்பு என்பது பொன்னுத்துரை அண்ணையின் கட்சி.

யார் சொல்வது சரி என்று அறிய எனக்கு ஆசை வந்துவிட்டது. ஒருநாள் ஒரே முட்டியிலிருந்து இரண்டு பிளாவை நிரப்பினேன். மாஸ்டரிடம் "ஆண்பனை" என்று சொல்லிக் கொடுத்தேன். மற்றவரிடம் "பெண்பனை" என்றேன். மாஸ்டர் ஒரு மிடறு விட்டு, "பாத்தியளே முறுக்கை!" என்றார். பொன்னுத்துரை அண்ணை கண்ணை மூடி, "பால், பால்" என்றார். பிளாவை மாற்றிக் குடித்துப் பார்த்தார்கள். இருவருமே முகத்தைச் சுளித்தார்கள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உண்மையைச் சொன்னேன். ஏச்சு விழப்போகிறது என்று பார்த்தால் மாஸ்டர் முட்டிக்குள் எட்டிப் பார்த்தார். கணக்குப் பிழைத்த முகம்.

"அப்ப உந்த முட்டிக்குள்ளை ரெண்டு பனையும் கலியாணம் முடிச்சிட்டுதுகள் போலை."

மணியக்காவின் நாலு மணி

மரத்தைவிட மணிக்கூடுதான் பெரிது என்று பிறகு கண்டுகொண்டேன். காலை எட்டு மணிக்கு இனிக்கிற கள்ளு பதினொரு மணிக்குக் கடிக்கும். நாலு மணிக்குப் புளிக்கும். ஒருநாள் கண்டிவீதிப் பக்கம் ஆமியின் ஹெலிகொப்டர் சுற்றிக்கொண்டே நின்றதால் சீவல்காரர் வெளிக்கிட முடியாமல் மத்தியானம் தாண்டித்தான் வந்துசேர்ந்தார்கள். அன்றைய கள்ளு முழுவதும் வழியிலேயே வயதுபோய்விட்டது. வாங்கில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்த பார்வையில், ஹெலியை ஓட்டினவன் நான்தான் என்று நானே நம்பிவிட்டேன்.

அந்தக் கள்ளை வெளியே கொட்டி ஊற்றப் போகும்போதுதான் பின்பக்கத்தால் மணியக்கா வந்தா. அப்பம் சுட்டு விற்கிறவ. புளித்துப்போன கள்ளு முழுவதையும் வாளியில் வாங்கினா. இதைக் குடிக்க ஏலாதே அக்கா என்றேன். அவ வாளியை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னா:

"நீங்கள் பழுதெண்டு ஊத்துறதுதான்ரா தம்பி, என்ரை மாவுக்கு உயிர்."

ஏழாம் நம்பர்

அதற்குப் பிறகுதான் வில்லங்கம் வந்தது. ஏழாம் நம்பர் சின்னத்தம்பி அண்ணையுடையது. முப்பது வருஷமாகச் சீவுகிறவர், அதிகம் கதைக்காதவர். அவருடைய கள்ளில் திடீரென்று முறுக்கு இல்லாமற் போய்விட்டது. நுரையும் குறைவு. "உவர் தண்ணி விடத் தொடங்கிட்டார்" என்று பொன்னுத்துரை அண்ணை முதலில் சொன்னார். இரண்டு நாளில் வாங்கு முழுவதும் அதையே சொன்னது. ஏழாம் நம்பர் முட்டி நிரம்பியபடியே கிடந்தது.

மனேச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. சனிக்கிழமைக் கூட்டத்தில் நம்பரை வெட்டப்போவதாகச் சொன்னார். நம்பர் வெட்டுப்பட்டால் மரம் ஏறுகிற அனுமதியும் போய்விடும்; அதற்குப் பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரியாது. என்னைக் கேட்டார்: "நீதானே ருசி பாக்கிறனி. தண்ணியோ, இல்லையோ?" அடுத்த நாள் காலை சின்னத்தம்பி அண்ணை முட்டியை இறக்கியபோது நானே மெல்லக் கேட்டேன். அவர் என்னோடு கோபிக்கவில்லை. இடுப்புக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டியபடி சொன்னார்:

"என்ரை பனையிலை தண்ணி ஏறுறது வேராலை மட்டும்தான், தம்பி."

தேய்க்காத சட்டி

நான் ஏழாம் நம்பரைத் திரும்பத் திரும்ப வாயில் விட்டு உருட்டினேன். தண்ணீர் விட்டிருந்தால் இனிப்பும் குறைய வேண்டுமே? இது மற்ற எல்லாவற்றையும்விட இனித்தது! வேலைக்கு வந்து மூன்று மாதத்தில் என் நாக்கு தானாக யோசித்தது அன்றைக்குத்தான்.

அன்று பின்னேரம் மணியக்காவும் முறைப்பாட்டோடு வந்தா. "ஏழாம் நம்பர் கள்ளிலை மா எழும்பச் சுணங்குது. அப்பம் ஓடு மாதிரி வருது." அப்படியென்றால் மாவை எழுப்புகிறது கள்ளில் என்ன என்று கேட்டேன். அவவுக்கு அது தெரியாது. ஆனால் சட்டியின் அடியில் கொஞ்சம் பழைய மா எப்போதும் ஒட்டியிருக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

"மாச் சட்டியைத் தேய்ச்சுக் கழுவினனெண்டால், அடுத்த நாள் நான் கடை திறக்கத் தேவையில்லை."

வேலியோரம் ஏழு முட்டி

சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே சின்னத்தம்பி அண்ணையின் வீட்டுக்குப் போனேன். வேலியோரம் ஏழு முட்டிகள் வெயிலில் கவிழ்த்துக் கிடந்தன. உள்ளும் புறமும் தேங்காய்த் தும்பால் தேய்த்துக் கழுவி, கோவில் குடம் மாதிரி வைத்திருந்தார்கள். மற்றச் சீவல்காரரின் முட்டிகளை நான் அறிவேன். அடியில் மண்டி காய்ந்து ஒட்டியிருக்கும். நேற்றையக் கள்ளின் மிச்சம்தான் இன்றையக் கள்ளைத் தட்டி எழுப்புகிறது. இங்கே தட்டி எழுப்ப ஒன்றும் இல்லை.

"எப்பவிருந்து அண்ணை உப்பிடிக் கழுவுறியள்?" என்றேன். அவர் உள்ளே போய்ச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாளைக் காட்டினார். "முட்டிகளைத் தினமும் சுடுதண்ணியில் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும்." சங்கத்து முத்திரை, கீழே திகதி. எழுத்து என்னுடையது. ஒரு முட்டியில் எறும்பு கிடந்தது என்று முந்தின மாதம் மனேச்சர் எழுதச் சொல்ல, நான்தான் ஊர்ப்பட்ட பிரதி எழுதி எல்லாருக்கும் கொடுத்தேன். மற்றவர்கள் அதில் சுருட்டு மடித்தார்கள். சின்னத்தம்பி அண்ணைக்கு வாசிக்கத் தெரியாது. மகளைக் கொண்டு வாசிப்பித்திருக்கிறார்.

"சங்கம் சும்மா எழுதாது எண்டு நினைச்சன் தம்பி."

சனிக்கிழமை நாலு மணி

சனிக்கிழமை காலை மூன்றாம் நம்பரிலும் ஏழாம் நம்பரிலும் ஒவ்வொரு முட்டி எடுத்து மூடி வைத்தேன். பின்னேரம் கூட்டம் கூடியது. சின்னத்தம்பி அண்ணை வாசலோடு நின்றார். உள்ளே வந்து இருக்கச் சொன்னோம், வரவில்லை. நம்பரை வெட்டுகிற கதை தொடங்கியதும் நான் எழும்பி, "பிழை என்ரை" என்றேன். ஒருவருக்கும் கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன். "என்னவாம்?" என்றார் ஒருவர். மூன்றாம் முறை நான் போட்ட சத்தத்தில் வெளியே படுத்திருந்த நாயும் எழும்பிவிட்டது.

அறிவித்தலைப் பற்றிச் சொல்லிவிட்டு இரண்டு முட்டியையும் திறந்தேன். மூன்றாம் நம்பர் மணியக்காவின் வாளிக்குப் போகிற பருவம்; வாயில் வைத்தவர்கள் துப்பினார்கள். ஏழாம் நம்பர் அப்போதுதான் கண் விழித்திருந்தது. மெல்லிய கிள்ளல், இனிப்பு இன்னும் போகவில்லை. பின்னேரம் நாலு மணிக்கு அப்படி ஒரு கள்ளை அந்தத் தவறணை கண்டதே இல்லை. பொன்னுத்துரை அண்ணை இரண்டாம் பிளாவை நீட்டினார். தண்ணிக் கதையைத் தொடக்கிவிட்டவர் தான்தான் என்று அவருக்கு ஞாபகமே இல்லை.

மனேச்சரும் ஏழாம் நம்பரில் ஒரு மிடறு விட்டுப் பார்த்தார். பிறகு கொப்பியை மூடி, "ஏழாம் நம்பரை வெட்டவேண்டாம். பின்னேரத்துக்கு எடுத்து வையுங்கோ. வெட்டுறதெண்டால் அந்த அறிவித்தலை வெட்டுங்கோ" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சின்னத்தம்பி அண்ணை சிரிக்கவில்லை. நான் வெளியே வந்ததும் கிட்ட வந்து, என்னைவிட மெல்லிய குரலில் கேட்டார்:

"அப்ப இனிக் கழுவுறதோ, விடுறதோ? அதையும் ஒருக்கால் எழுதித் தாங்கோ தம்பி."

கள்ளில் எத்தனை வகை என்று இப்போதும் யாராவது கேட்டால் ஆண்பனை, பெண்பனை, தென்னை, காலை, பின்னேரம் என்று ஐந்து விரலை மடக்கிவிட்டு, என் எழுத்தை நம்பின ஒரேயொரு மனிசனின் கள்ளுக்காக மற்றக் கையிலும் ஒரு விரலை மடக்குகிறேன்.