சித்தப்பா நம்பிய சிவப்புக் கண்ணாடி

பழங்காலக் கண்ணாடி அசலா போலியா என்று சோதிப்பதுதான் என் பிழைப்பு. எத்தனையோ சன்னல்களில் எக்ஸ்ரே கருவியை வைத்திருக்கிறேன். இந்த முறை எங்கள் ஊர் மாதா கோவில் சன்னல். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு சித்தப்பா நின்றார். சன்னல் கண்ணாடியில் தீட்டியிருந்த மாதாவின் சிவப்பு அங்கி வழியாக வந்த வெயில் அவருடைய வெள்ளைச் சட்டையில் விழுந்திருந்தது. "பாத்து ஏறு பாப்பா. உனக்கு ஒண்ணுன்னா உங்கப்பன் என்னைத்தான் பிடிப்பான்" என்றார்.

கழக ஆட்சி வந்த புதிதில், கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு எங்கள் தெருக்காரர்கள் அறுவடைக்கு இறங்கவில்லை. மிராசுதாரின் ஆட்கள் தடியோடு வந்தார்கள். எல்லாரும் கோவிலுக்குள் ஓடி அடைந்துகொண்டார்கள். வெளியிலிருந்து சரமாரியாகக் கல் வந்து மாதா சன்னல் நொறுங்கியது. அந்தச் சன்னலுக்கு நேர் கீழே, பிள்ளைகளை மறைத்துக்கொண்டு நின்றவர் சித்தப்பா. அப்போதிருந்த சாமியார் சன்னலைக் கழற்றித் தஞ்சாவூருக்கு அனுப்பினார். திரும்பி வந்ததும், "உடைஞ்சதையே ஒட்டவச்சாச்சு" என்றாராம். ஊரே நம்பியது.

இப்போது கோவிலை இடித்துப் பெரிதாகக் கட்டப்போகிறார்கள். சன்னல் வெள்ளைக்காரன் காலத்தது என்று உறுதியானால் அந்தச் சுவரை மட்டும் விடலாம் என்று இப்போதைய பங்குச் சாமியார் இறங்கிவந்தார். உடனே சித்தப்பா எனக்குப் போன் போட்டார். "எங்க உசுரக் காப்பாத்துன சுவரு பாப்பா. நீ படிச்ச படிப்பு அதுக்காச்சும் ஆவட்டும்."

பழைய கண்ணாடியில் மங்கலாக ஒரு படலம் படியும்; அதை வைத்தே வயதை ஓரளவு சொல்லிவிடலாம். எங்கள் பெண்களோ திருவிழாவுக்கு முன்னால் பித்தளைக் குடத்தைத் துலக்குவதுபோலப் புளியும் சாம்பலும் போட்டுச் சன்னலைத் துலக்குவார்கள். அப்புறம் படலம் ஏது? சின்னம்மா தேய்த்த தேய்ப்பில் மாதாவுக்கு மூக்கே போய்விட்டது! நிறத்துக்கு என்ன கலந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் மிச்சம். அந்தக் காலத்துச் சிவப்பென்றால் செம்பு இருக்கும். கருவி காட்டியது செலினியம், பிற்காலத்துச் சரக்கு. மற்ற நிறங்களும் அதையேதான் சொல்லின. அந்தப் பழைய சாமியார் மொத்தத்தையும் புதிதாக மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

இறங்கிச் சொன்னேன். எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. சித்தப்பா சட்டையைத் தளர்த்தி, என் விரலைப் பிடித்துத் தோள் எலும்போரம் அழுத்தினார். தோலுக்கடியில் கெட்டியாக ஏதோ நகர்ந்தது.

"அன்னிக்கு சன்னல் ஒடைஞ்சப்ப ஏறுன சில்லு. ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸு பிடிச்சுக்கும்னு போவல. அதுபாட்டுக்கு இருந்துடுச்சு. இது பழசுதானே பாப்பா? எடுத்துக் குடுத்தா சுவத்த விட்டுருவாங்களா?"

"விடமாட்டாங்க சித்தப்பா."

அவர் பித்தானைப் போட்டுக்கொண்டார்.

சுவர் போன அடுத்த வருஷம் சித்தப்பாவும் போனார். இப்போது அங்கே டைல்ஸ் ஒட்டிய கோவில், அலுமினியச் சன்னல். அடக்கத்தன்று சின்னம்மா அந்தத் தோளைத் தடவித் தடவி அழுதார். அசல் சன்னலில் மிஞ்சியிருந்த ஒரே சில்லைக் குழிக்குள் இறக்கினார்கள். நானும் ஒரு பிடி மண் போட்டேன்.